பக்கத்து மேசைக்காரரிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

வாசகர் கேள்வி – 2024 பிப்ரவரி 5

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சபையில் ஒரு மூத்த சகோதரர், "உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நீ இயேசுவைச் சொல்லாமல் விட்டால் அவருடைய இரத்தப்பழி உன் தலைமேல்" என்று எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்தைக் காட்டிச் சொன்னார். அலுவலகத்திலோ, மதம் பேசி யாரையும் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரவில் தூக்கம் வருவதில்லை. பேசினால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், பேசாவிட்டால் கர்த்தர் கேட்பாரோ என்று இன்னொரு பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5, இரவு

முதலில் தூங்குங்கள். இரண்டு பயத்துக்கு நடுவில் நின்றுகொண்டு நற்செய்தி சொல்ல முடியாது. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறவர் காதில் அந்தப் பயம்தான் முதலில் விழும்.

எசேக்கியேல் 3:17-ஐயும் சேர்த்து வாசியுங்கள். இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாகக் கர்த்தர் எசேக்கியேல் தீர்க்கதரிசியை நியமிக்கிறார். அந்த நியமனத்தோடு வருகிற பொறுப்புதான் அடுத்த வசனத்தில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவர் தலையிலும் அதை அப்படியே தூக்கி வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. அந்தத் தாளை எடுத்து வரிவரியாக வாசியுங்கள். "தொந்தரவு செய்யமாட்டேன்" என்பதும் "பேசவேமாட்டேன்" என்பதும் ஒன்றில்லை. எதற்கு ஒப்புக்கொண்டீர்களோ அதைக் காப்பாற்றுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவரைப் பற்றித்தானே பேசப் போகிறீர்கள்.

பிப்ரவரி 6

நான் யார் என்று சொல்லாமல் ஆலோசனை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. இயேசுவைப் பற்றி முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டதே வேலை செய்த இடத்தில்தான். இவரிடம் பேசலாமா வேண்டாமா என்று நீங்கள் தவிக்கிறீர்களே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

கணக்குப் பிரிவு. அங்கே இரண்டு விசுவாசிகள் இருந்தார்கள். ஒருவர் எனக்கு மேல் நிலையில் இருந்த ஒரு அண்ணன். காலையில் வந்தால் என் மேசையில் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி இருக்கும். வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போனால் கையெழுத்தோடு ஒரு வசனமும் வரும். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில், "இன்றைக்கு ராத்திரி நீ செத்தால் எங்கே போவாய்?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அவர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். அவர் கையெழுத்து இல்லாமல் என் வேலை நகராது. "வேண்டாம் அண்ணா" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் வவுச்சர்களை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன்.

இன்னொருவர் ஒரு அக்கா. அவர் ஜெபிக்கிறவர், ஞாயிறு சபைக்குப் போகிறவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை அவர் மறைத்ததில்லை, மேலே கொண்டுவந்து போட்டதும் இல்லை. ஒரு தடவை ஒரே பில்லுக்கு ஒரு சப்ளையருக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. பதிவு போட்டவர் அந்த அக்கா. தணிக்கையே முடிந்துவிட்டது, யார் கண்ணிலும் படவில்லை. அவராகவே கண்டுபிடித்து, அவராகவே மேலாளரிடம் போய்ச் சொன்னார். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார்.

"ஏன் அக்கா சொன்னீர்கள்? யாருக்கும் தெரியாதே" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுமே. என் தப்பை எல்லாம் இயேசு மன்னித்திருக்கிறார். அப்புறம் இந்த ஒரு தப்பை ஒளித்து வைத்துக்கொண்டு நான் ஏன் பயந்து சாக வேண்டும்?" என்றார். அவ்வளவுதான். திரும்பி லெட்ஜரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்னால்தான் அன்றைக்கு வேலை பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 7

"ஆக, வாயைத் திறக்காமல் நல்லவராக நடந்துகொண்டால் போதும்" என்று முடிவுக்கு வந்திருக்கிறார் வாசகர் ஒருவர். நான் சொன்னது அதில்லை. அந்த அக்கா அன்றைக்கு இயேசுவின் பெயரைச் சொல்லாமல், "மனசாட்சிதான்மா" என்று முடித்திருந்தால், "எவ்வளவு நேர்மையான மனுஷி" என்று அவரை மெச்சிவிட்டுப் போயிருப்பேன். பெயரைச் சொன்னதால்தான் என் கவனம் அவரைத் தாண்டிப் போனது.

"எப்போதும் நற்செய்தி சொல்லுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்துங்கள்" என்று அசிசி பிரான்சிஸ் சொன்னதாகப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். அவர் எழுதியவற்றில் அந்த வாக்கியம் இல்லை. அவரோ ஊர் ஊராகப் போய் வாய் திறந்து பிரசங்கித்தவர்.

பிப்ரவரி 9

நேற்றெல்லாம் அந்த அண்ணனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன வசனங்களில் பொய் எதுவும் இல்லை. என்மேல் அவருக்கு உண்மையான அக்கறையும் இருந்தது. பிறகு எனக்கு ஏன் மூச்சு முட்டியது?

தெருமுனையில் ஒருவர் பிரசங்கம் செய்தால் நான் நின்று கேட்கலாம், கடந்தும் போகலாம். வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்கலாம். வேலை செய்கிற இடத்தில் அந்த வசதி கிடையாது. பிடிக்கவில்லை என்றாலும் மறுநாள் அதே நாற்காலியில்தான் வந்து உட்கார வேண்டும். சம்பளம் அங்கேதான், குடும்பம் அதை நம்பித்தான் இருக்கிறது. சக ஊழியரால் எழுந்து போக முடியாது. வேலை இடத்தில் சாட்சி சொல்வதில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் எனக்கு இதற்குள் வந்துவிடுகின்றன.

எழுந்து போக முடியாதவரிடம் பேசும்போது, அவர் "வேண்டாம்" என்று சொல்வதை எளிதாக்கிக் கொடுக்க வேண்டியது பேசுகிறவரின் பொறுப்பு. அவர் மறுத்தால் அவருடைய வேலை கெடக்கூடாது, நட்பு கெடக்கூடாது, சாப்பாட்டு இடைவேளையில் நம்மோடு உட்காருவது கூச்சமாகிவிடக்கூடாது. அந்தச் சுதந்திரம் இருக்கிற இடத்தில் ஒருவர் "சொல்லுங்கள்" என்றால் அது மெய்யான "சொல்லுங்கள்".

இயேசுவும் இப்படித்தானே? உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று கேட்ட ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது அவர் பின்னால் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு 10:21 சொல்கிறது. அப்படியும் போகவிட்டார்.

பிப்ரவரி 10

வரி வசூலித்த ஆயக்காரர் லேவியைச் சொல்ல மறந்துவிட்டேன். லூக்கா 5-ல், ஆயத்துறையை விட்டுக் கிளம்பியதும் அவர் செய்த காரியம் என்ன? வீட்டில் பெரிய விருந்து வைத்து, கூட வேலை பார்த்த ஆயக்காரர்களை அழைத்தார். ஆயத்துறையில் வரி கட்ட வரிசையில் நின்றவர்களைப் பிடித்துப் பேசவில்லை. விருந்துக்கு அழைத்தால் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தவர்கள் இயேசுவோடேயே பந்தியிருந்தார்கள். நான் கேட்டவரை சபைகளில் இதை லேவியின் மனமாற்றமாகத்தான் பிரசங்கிக்கிறார்கள். சக ஊழியர்களை அழைத்த விதத்தை யாராவது எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 13

முதல் குறிப்பில் எசேக்கியேலைப் பற்றி நான் சொன்னதற்கு ஒரு வாசகர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். "அது எசேக்கியேலுக்கு மட்டும் என்றால், அப்போஸ்தலர் 20:26-ல் பவுல் ஏன் 'எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கி நான் சுத்தமாயிருக்கிறேன்' என்கிறார்?" என்று கேட்கிறார். சரியான கேள்வி. அந்த எச்சரிப்பைப் பவுல் தனக்கும் எடுத்துக்கொண்டார் என்பது தெளிவு. ஆகவே அதை எசேக்கியேலோடு முடித்துவிட முடியாது.

ஆனால் அந்தப் பேச்சை முழுக்க வாசித்துப் பாருங்கள். மிலேத்து ஊரில், எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல் பேசியது அது. மூன்று வருஷகாலமாய் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னேன் என்கிறார் 31-ஆம் வசனத்தில். 34-ல் தன் கைகளைக் காட்டுகிறார்: எனக்கும் என்னோடிருந்தவர்களுக்கும் வேண்டியதை இந்தக் கைகளே சம்பாதித்தன என்கிறார். இரத்தப்பழி, கண்ணீர், உழைத்த கை மூன்றும் ஒரே பேச்சில், சில வசனங்களுக்குள் வருகின்றன. "சொல்லிவிட்டேன், இனி பழி உன் மேல்" என்று ஒரு தாளை நீட்டிவிட்டுத் தப்பிப்பதற்கு இந்தப் பேச்சில் எந்த இடமும் இல்லை. அந்த மூத்த சகோதரர் இரத்தப்பழியைச் சொன்னார் என்றால் மூன்று வருஷத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று நான் இனி சொல்லமாட்டேன். பொறுப்பு இருக்கிறது. அதற்குக் கால அவகாசமும் இருக்கிறது.

பிப்ரவரி 14

வேலை நேரத்தில் பேசலாமா?

சம்பளம் வாங்குகிற நேரம் முதலாளியுடையது. அதில் ஊழியம் செய்தால் அது அவருடைய நேரத்தில் கை வைப்பது. ஜெபக் கூட்டம் முடிந்து தாமதமாக வந்து, "கர்த்தருடைய காரியமாகப் போயிருந்தேன்" என்று சொன்ன ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர் விட்ட வேலையை முடித்தது நாங்கள். அவருடைய சபைக்கு அங்கிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எபேசுவிலே பவுல் திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினமும் பேசினார் என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. கோடெக்ஸ் பேசே என்ற பழைய கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தில் கூடுதலாக ஒரு விவரம் இருக்கிறது: ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை. நம் கணக்கில் காலை 11 முதல் மாலை 4. வெயில் ஏறி, எல்லாரும் வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கும் நேரம் அது. மூலத்தில் இருந்ததா, பிற்பாடு சேர்ந்ததா என்பதில் அறிஞர்கள் பெரும்பாலும் இரண்டாவது பக்கம் நிற்கிறார்கள். எப்படியானாலும் கூடாரத் தொழிலையும் ஊழியத்தையும் ஒன்றாகச் செய்தவரின் நாள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது பொருந்துகிறது. வேலை நேரத்தில் வேலை, மற்றவர்கள் சாய்கிற நேரத்தில் பேச்சு. களைப்பு அவருடையது. கேட்க வந்தவர்கள் தங்கள் ஓய்வை விட்டுத் தாங்களாக வந்தவர்கள்.

பிப்ரவரி 14, சற்றுப் பிறகு

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். வேலைக்கு நடுவே கிரிக்கெட்டும் பிள்ளைகளின் படிப்பும் பேசுகிற அலுவலகத்தில் சபையைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் கூடாது என்று நானே வேலி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாரும் பேசுகிற அளவுக்குப் பேசலாம். பாடம் எடுக்க ஆரம்பித்தால்தான் இடைவேளைக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 17

தங்கள் கீழ் வேலை செய்கிறவர்களிடம் பேசலாமா என்று மேலாளர்கள் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

கிரேக்க விமானப்படையில் மூன்று அதிகாரிகள் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். தங்கள் கீழ் இருந்த வீரர்களிடமும், வெளியே சில பொதுமக்களிடமும் தங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார்கள். மதமாற்ற முயற்சி என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் தண்டித்தன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1998-ல் தீர்ப்பு. பொதுமக்களிடம் பேசியதற்குத் தண்டித்தது மத சுதந்திரத்தை மீறியது என்றது நீதிமன்றம். கீழ்நிலை வீரர்களிடம் பேசிய விஷயத்தில் மீறல் இல்லை என்றது. காரணம் படிநிலை. வெளியில் ஒருவர் கேட்டுவிட்டு மறுத்துவிடக்கூடிய பேச்சு, மேலதிகாரி வாயிலிருந்து வரும்போது நெருக்கடியாக மாறலாம். கீழே உள்ளவரால் அந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொள்வது கடினம்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி வாசித்தபோது அந்த வவுச்சர் கையெழுத்து நினைவுக்கு வந்தது. நான் சிரித்து வைத்ததன் காரணத்தை நீதிபதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேதத்தில் கவனித்துப் பாருங்கள், மறக்க முடியாத பணியிடச் சாட்சிகள் கீழிருந்து மேலே போகின்றன. குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவர் நாகமானின் வீட்டில் இருந்தது சிறைபிடிக்கப்பட்ட ஒரு சிறு பெண். சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அவரிடம் போனால் நலமாயிருக்கும் என்று எஜமானியிடம் ஒரே வாக்கியம் சொன்னாள். யோசேப்பு பார்வோனிடம் பேசினார். தானியேல் ராஜாக்களிடம் பேசினார். அப்படிப் பேசுகிறவர்களுக்குத்தான் ஆபத்து, கேட்கிறவருக்கு ஒன்றுமில்லை. மேலிருந்து கீழே பேசும்போது இது தலைகீழாகிறது.

மேலாளர் அப்படியானால் வாயே திறக்கக்கூடாதா? தான் விசுவாசி என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்டால் பதில் சொல்லலாம். அதைத் தாண்டித் தானாகப் போய்ப் பேசுவதை, தன் கையெழுத்தை நம்பி இருக்காத ஆட்களிடம் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். லீவு, பதவி உயர்வு, மதிப்பீடு எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது உங்கள் "சும்மா வந்து பாருங்களேன்" அவருக்குச் சும்மா இல்லை.

பிப்ரவரி 18

"நிறுத்துங்கள்" என்று ஒருவர் சொன்னால்?

நிறுத்த வேண்டும். 1997-ல் அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களுக்காக வந்த வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது: ஊழியர் சக ஊழியரிடம் தன் மதத்தைப் பற்றிப் பேசலாம், தன் கருத்து சரியென்று அவர் ஏற்கும்படி முயலவும் செய்யலாம், ஆனால் அவர் வேண்டாம் என்றாலோ விரும்பவில்லை என்று காட்டினாலோ விட்டுவிட வேண்டும். "காட்டினாலோ" என்பதைக் கவனியுங்கள். வாயால் சொல்ல முடியாதவர்கள்தான் அதிகம். பேச்சை மாற்றுவது, போனை எடுத்துப் பார்ப்பது, எனக்குப் பழக்கமான அந்தச் சிரிப்பு எல்லாமே "வேண்டாம்"தான்.

பிப்ரவரி 21

துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் பக்கத்தில் வேலை செய்பவரின் மகளுக்குக் கடுமையான நோய். "இப்போது சொன்னால் கேட்பார்" என்று சபையில் சொல்கிறார்களாம்.

அந்த வார்த்தையே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்பார்தான். மூழ்குகிறவர் எதையும் பிடிப்பார்.

இங்கேயும் ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1993-ல் கொக்கினாக்கிஸ் என்ற கிரேக்கரின் வழக்கில், கிறிஸ்தவச் சாட்சி சொல்வது வேறு, முறையற்ற மதமாற்ற முயற்சி வேறு என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தது. அந்த மனிதர் யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்தவர். மதமாற்றக் குற்றச்சாட்டில் 60 தடவைக்கு மேல் கைதானவர். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த வேறுபாட்டை நீதிபதிகள் எடுத்தது சபைகளிடமிருந்தேதான்: உலக சபைகள் மன்றத்தின் ஆதரவில் 1956-ல் தயாரான ஓர் அறிக்கை. சாட்சி சொல்வது ஒவ்வொரு கிறிஸ்தவருடைய கடமை. பொருளோ சமூக ஆதாயமோ காட்டி இழுப்பதும், துன்பத்திலும் தேவையிலும் இருப்பவர்மேல் முறையற்ற அழுத்தம் கொடுப்பதும் அந்தச் சாட்சியைக் கெடுப்பவை. நம்முடைய ஆட்களே நமக்கு எழுதி வைத்த எச்சரிப்பு என்பதால் எனக்கு இது இன்னும் கனமாகப் படுகிறது.

அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது: அவருடைய வேலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மருத்துவமனைக்கு ஓடும் நாளில் அவருடைய கோப்பைப் பாருங்கள். "உங்கள் மகளுக்காக நான் ஜெபிக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். சம்மதம் என்றால் வீட்டில் ஜெபியுங்கள். அவராகக் கேட்டால் ஒழிய அவர் முன்னால் கண்ணை மூடிக் குரலெடுத்து வேண்டாம். எல்லார் முன்னாலும் அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் இருப்பவர்கள் அவர்கள். மகள் தேறிய பிறகு அதைக் காட்டிக் கணக்குக் கேட்காதீர்கள். தேறாவிட்டால் முன்பைவிட அதிகமாகக் கூட இருங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

பிப்ரவரி 22

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில்.

மேசையில் வசன அட்டை: உங்கள் மேசை, உங்கள் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலின் கீழே வசனம்: வேண்டாம், அது நிறுவனத்தின் பெயரில் போகிற கடிதம். வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் காலை வசனம்: கண்டிப்பாக வேண்டாம், அதிலிருந்து யாராலும் வெளியேற முடியாது. கைப்பிரதி: கேட்டவர் கையில் கொடுங்கள், இடத்தில் இல்லாதவர் மேசையில் வைக்காதீர்கள்.

பிப்ரவரி 24

இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்று ஒருவர் கிறிஸ்தவர்களைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். நூல் தனியாக நமக்குக் கிடைக்கவில்லை. கி.பி. 248-ஐ ஒட்டிக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் எழுதிய மறுப்பில் மேற்கோள்களாக மிஞ்சியிருக்கிறது. கம்பளி நெய்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள் எல்லாம் இந்த மதத்தைப் பரப்புகிறார்கள் என்பது அவருடைய புகார்களில் ஒன்று. எதிரி வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும். தொழிற்கூடங்களில் பேசிப் பேசித்தான் பரவியிருக்கிறது!

அவருடைய புகாரில் இன்னொரு பாதியும் உண்டு. எஜமான்கள் முன்னால் இவர்கள் வாய் திறப்பதில்லை, பிள்ளைகளையும் பெண்களையும் தனியாகப் பிடித்துப் பேசுகிறார்கள் என்கிறார். மிகைப்படுத்தியிருக்கலாம், அவர் நமக்கு நண்பர் இல்லை. ஆனாலும் நாம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலாளர் உள்ளே வந்ததும் சட்டென்று நிறுத்த வேண்டிய பேச்சு என்றால், ஏன் என்று நம்மை நாமே கேட்க வேண்டும். நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் திருப்பிச் சொல்லக் கூடியதை மட்டும் சொல்வேன்.

பிப்ரவரி 27

முதலில் கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர், "ஞாயிற்றுக்கிழமை என்ன பண்ணீங்க?" என்று கேட்டாராம். இவர், "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டாராம். இயேசுவைத் தெரியாது என்ற பேதுரு மாதிரி மறுதலித்துவிட்டேன் என்று உடைந்துபோய் எழுதியிருக்கிறார்.

தம்பி, அழ வேண்டாம். அவர் இன்னொரு திங்கட்கிழமை கேட்பார். அன்றைக்கு, "காலையில் சபைக்குப் போனேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். நீங்கள்?" என்று சொல்லுங்கள். முழு உண்மை, யாருக்கும் தொந்தரவு இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளுக்கும் விரோதமில்லை. பேச்சைத் தொடர்வதா விடுவதா என்பது அவர் கையில். சுவிசேஷக் கூட்டத்துக்குத் தயாராவதைப் போல் நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. விசுவாசியாக இருக்கிற உங்கள் வாழ்க்கையிலிருந்து எதையும் வெட்டி ஒளிக்காமல் பேசினால் போதும். அந்த அக்கா அவ்வளவு வருஷமும் செய்தது அதுதான்.

அவர் தொடர்ந்து கேட்டால் நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்குப் பானம் ஊற்றிக்கொடுக்கிற வேலையில் இருந்தவர். "உன் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது?" என்று ராஜா கேட்கிறார். நெகேமியா மிகவும் பயந்தார் என்று எழுதியிருக்கிறது. காரணத்தைச் சொன்னார். "என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டபோது, அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார். எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். வேலை இடத்து ஜெபம் அவ்வளவு சின்னதாக இருக்கலாம்.

பிப்ரவரி 28

பேதுரு தன் முதல் நிருபத்தில் (3:15), கேட்கிற யாவருக்கும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்ல வேண்டும் என்பதையும் அதே வசனத்தில் வைத்திருக்கிறார். கேள்வி வரும் என்று எதிர்பார்த்து எழுதியிருக்கிறார். உங்களிடம் யாருமே எதுவும் கேட்பதில்லை என்றால், இன்னும் சத்தமாகப் பேசுவது அதற்கு மருந்தாகாது. கேட்கும்படியாக நம் வேலையிலும் பேச்சிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தானியேல்மேல் குற்றம் கண்டுபிடிக்க அலைந்தவர்களுக்கு ராஜ்ய விசாரிப்பில் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில் அவருடைய ஜெபத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். "படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பது பக்கத்து மேசையில் இருப்பவரால் மட்டுமே சொல்லக்கூடிய பதில். தெருவில் பேசுகிறவருக்கு அந்த நாளை கிடையாது.

மார்ச் 2

"அவர்கள் தங்கள் மதத்தைப் பற்றிப் பேசினால் கேட்க வேண்டுமா?" என்று ஒரு கேள்வி. ஆமாம், முழுக்க. நம்முடையதை அவர்கள் கேட்க வேண்டும் என்று விரும்பினால் அவர்களுடையதையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒருவர் தினமும் நேரம் தவறாமல் தொழுகை செய்வார். அந்த நேரத்தில் வரும் போன்களை நான் எடுத்துக்கொள்வேன். அவர் எப்படி ஜெபிக்கிறார், எதற்காக ஜெபிக்கிறார் என்று நான்தான் முதலில் கேட்டேன். அப்புறம் அவரும் என்னைக் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மாற்றவில்லை. அவர் அப்பா இறந்தபோது முதல் போன் எனக்கு வந்தது. இயேசு யார் என்று நான் நம்புவதை அவரிடம் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கிறதையும் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவருக்காக இன்னும் ஜெபிக்கிறேன், அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 3

சபையில் காயப்பட்டு வெளியேறியவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது இருக்கிறார். அவர்களிடம் வசனத்தோடு போகாதீர்கள், அவர்களுக்கு உங்களைவிட அதிக வசனம் தெரியும். என்ன நடந்தது என்று கேட்டு, சொன்னால் நம்புங்கள். சபைக்காக வாதாட வேண்டாம்.

மார்ச் 6

அந்த அண்ணனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். நான் விசுவாசத்துக்கு வந்த காலத்தில், வேதத்தை முதன்முதலாகத் திறந்து வாசித்தபோது பல வசனங்கள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருந்தன. எங்கே கேட்டேன் என்று யோசித்தால், வவுச்சரோடு வந்தவை. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்ற இயேசுவின் அழைப்பு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய முறை என்னை விரட்டியது, அவர் சொன்ன வார்த்தை என்னோடு தங்கியது. இரண்டும் உண்மை. இதை வைத்து அவருடைய முறை சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கர்த்தர் இரக்கமுள்ளவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவரைத் தேடிப் போய் இதைச் சொன்னேன். அவர் அழுதார். அப்புறம் வழக்கம்போல ஒரு கைப்பிரதி கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9

கடைசியாக வந்திருக்கும் கேள்வி: மத்தியான இடைவேளையில் நாலைந்து பேர் ஒரு அறையில் கூடி ஜெபிக்கிறார்கள். அதை ஆரம்பித்த சகோதரருக்கு இப்போது பதவி உயர்வு, அதே பிரிவுக்கு மேலாளர். தொடரலாமா என்கிறார்.

ஜெபம் தொடரட்டும். நடத்துகிற பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், அதுவும் உங்கள் கீழ் வேலை செய்யாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அறையை எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். வேறு மதத்தவர் அதேபோல் கேட்டால் அவர்களுக்கும் கிடைக்கும்படி நீங்களே பேசுங்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று விசாரிக்காதீர்கள். மதிப்பீடு எழுதும் மாதங்களில் நீங்கள் வேறு இடத்தில் ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் விசுவாசிகளுக்கும் இது நல்லது. மேலாளர் கண்ணில் படத்தான் ஜெபிக்கிறார்கள் என்ற பேச்சு அவர்கள்மேல் வராது.